ஓயாமல் ஏசிய அணில்

சண்டை அணிலைப் பற்றித்தான் தொடங்கியது.

எந்தக் காலத்திலோ ஓடைக்குக் குறுக்கே விழுந்த டக்ளஸ் ஊசியிலை மரம் ஒன்று பாசி மூடி, உள்ளே மக்கிக் கிடந்தது. அதன் அடியில் இருந்த பொந்துக்குள் சிக்னே கையை விட்டாள். தோள்வரை போயிற்று. வெளியே எடுத்தபோது பிடிக்குள் மூன்று பச்சைக் கூம்புகள், பிசின் மணத்தோடு, ஈரமாக.

"உள்ள இன்னும் இருக்கு. எட்டவே மாட்டேங்குது," என்றாள்.

ரொவீனா சாக்கை உதறி விரித்தாள். சிக்னேயின் தம்பி ஐனாரைக் கட்டிக்கொண்டு கௌலிட்ஸ் பள்ளத்தாக்குக்கு வந்து பதினொரு வருஷம் ஆகிறது. இப்படி ஒரு புதையல் அவள் கண்ணில் பட்டது இதுதான் முதல் தடவை. மரங்களை வெட்டி மொட்டையாக்கிய மலைச்சரிவுகளில் புதிதாக நடுவதற்கு நாற்றுப்பண்ணைக்கு விதை வேண்டும்; சாக்குக் கணக்கில் காசு கொடுக்கும். விதை கூம்புக்குள் இருக்கிறது. கூம்போ இருநூறு அடி உயரத்தில் காய்க்கிறது. அவ்வளவு உயரம் ஏற எல்லோராலும் முடியாது. ஆனால் அணில் ஏறும். விடியற்காலையில் கூம்புகளை அறுத்து மழை மாதிரி கீழே கொட்டும். பிறகு இறங்கி வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய், காய்ந்து விரியாமல் இருக்க ஈரமும் குளிர்ச்சியுமான இடமாகப் பார்த்துப் பதுக்கும். அந்தப் பதுக்கலைத் தேடித் திருடுவதுதான் இந்த இரண்டு பெண்களின் செப்டம்பர் மாத வேலை. இந்த வருஷம் மர ஆலை வேறு மூடிக் கிடந்தது. ஐனார் வீட்டில் உட்கார்ந்து ஐந்து வாரம்.

தலைக்கு மேலே கிளை நுனியில் நின்று அந்தப் பதுக்கலின் சொந்தக்காரன் கத்திக்கொண்டிருந்தான். கையளவு உடம்பு, காவி நிற வயிறு, கண்ணைச் சுற்றி வெளிர் வளையம். ஊரில் அதற்குச் சிக்கரீ என்று பெயர். உடம்பைவிட வாய் பெரிது.

"பாதிய விட்டுடு," என்றாள் சிக்னே.

"எதுக்கு?"

"அதுக்குத்தான்." மேலே கையைக் காட்டினாள்.

"மூணு சாக்கு தேறும் சிக்னே. நாலு மணிக்குப் பண்ணை லாரி கிளம்பிடும். இப்ப போய் தர்மம் பண்ணச் சொல்றியே!"

"போன வாரமும் இதேதான் சொன்ன. அந்தப் பாறைக்கடியில ஒத்தக் கூம்பு மிச்சம் வைக்கல நீ."

"அதுக்கென்ன, காடு பூரா மரம். ஏறி இன்னும் நூறு அறுத்துப் போட்டுக்கும்."

"எங்க அறுக்கும்? நிமிர்ந்து பாரு. இருந்ததெல்லாம் கீழ எறக்கியாச்சு. இன்னும் ஒரு மாசத்துல பனி கொட்டும். வசந்தம் வரைக்கும் அதுக்கு இதுதான் சோறு."

சிக்னேயின் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. கை நடுங்கியது. ஒரு அணிலுக்காக இவ்வளவு கோபமா என்று ரொவீனாவுக்கு எரிச்சல் வந்தது. குனிந்து கூம்புகளை அள்ளத் தொடங்கினாள்.

"ஒனக்கு எதையும் பாதி விட்டு வைக்கத் தெரியாது," என்றாள் சிக்னே. குரல் கீச்சென்று ஏறிவிட்டது. "எங்க அம்மா வீட்டையும் அப்படித்தான் வழிச்சிட்ட. ஒரு கரண்டிகூட எனக்குன்னு வைக்கல."

மாமியார் வீட்டில் ஐனாரோடு ரொவீனா குடியேறிய பதினொரு வருஷத்தில் ஒருநாளும் சொல்லாத பேச்சு. ரொவீனா நிமிர்ந்தாள். நாக்கு அவளை முந்திக்கொண்டது.

"பெத்த பிள்ளைன்னு ஒண்ணு இருந்தா அதுக்குக் கவலப்படலாம். இல்லாதவங்க அணிலுக்குத்தான் கவலப்பட்டுக்கிட்டு கெடக்கணும்."

சொல்லி முடித்தவுடனே அதைத் திருப்பி விழுங்க முடிந்தால் விழுங்கியிருப்பாள். சிக்னே கையில் ஒட்டிய மண்ணைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். தன் சாக்கை எடுத்துத் தோளில் போட்டாள். ஓடையைப் பிடித்து மேலே நடந்தாள். பெரணிப் புதருக்குள் அவளுடைய சிவப்புத் தலைத்துணி இரண்டு தடவை தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

ரொவீனா கூப்பிடவில்லை. வீம்புக்கென்றே பொந்தை ஒட்டச் சுரண்டினாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மூன்று சாக்கையும் கட்டி, நிமிர்ந்து முதுகை நெளித்தபோது தோளிலிருந்த பை விலாவில் இடித்தது.

சாப்பாட்டுப் பை. இரண்டு பேருடைய சாப்பாடும் அதில்தான் இருந்தது.

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு ஆக ஐந்து நிமிஷம்.

சிக்னேக்கு ஒன்பது வருஷமாகச் சர்க்கரை வியாதி. தினமும் காலையில் ஆறரை மணிக்குத் தொடையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வாள். போட்டுவிட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும். பதினொன்றரைக்கு மேல் தாங்காது; உடம்பு உழைக்கிற நாளில் அதற்கும் முன்பே சர்க்கரை இறங்கிவிடும். ஒருமுறை தேவாலய விருந்தில் பிரசங்கம் நீண்டுபோய்ச் சாப்பாடு தாமதமானது. முதலில் பக்கத்திலிருந்தவளை வாய்க்கு வந்தபடி ஏசினாள். அப்புறம் நாற்காலியோடு சரிந்தாள். டாக்டர் வந்து, இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். ஐனார் அதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான்.

ஏசினாள். வியர்வை. கை நடுக்கம்.

"கடவுளே, அது கோபமில்ல," என்று ரொவீனா வாய்விட்டுச் சொன்னாள்.

"சிக்னே!" என்று கத்தினாள். பதிலுக்கு அணில்தான் கத்தியது.

வண்டிக்குத் திரும்பிப் போயிருப்பாள் என்று ஒரு நம்பிக்கை வந்தது. சாக்குகளை அங்கேயே போட்டுவிட்டு, முள்ளும் கிளையும் கிழிக்கக் கிழிக்கச் சரிவில் ஓடினாள். மரம் ஏற்றும் பாதையோரம் பிக்கப் வண்டி நின்றது. ஆள் இல்லை. இருக்கையில் சிக்னேயின் கோட்டு மட்டும் கிடந்தது.

கோட்டைப் பார்த்ததும் அடுத்த பயம். அந்தக் கோட்டின் வலது பையில்தான் சர்க்கரைக் கட்டிகள் இருக்கும். தலை சுற்றினால் வாயில் போட்டுக்கொள்ள. காலையில் வெயில் அடித்ததால் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ரொவீனா பைக்குள் கைவிட்டாள். மெழுகுத்தாள் மட்டும் வந்தது.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

எடுத்தது ரொவீனாவேதான். காலையில் வண்டியில் வரும்போது காப்பி கசந்தது. சிக்னே இறங்கிப் பாதையில் கிடந்த கிளையை நகர்த்திக்கொண்டிருந்தாள். இருக்கையில் கிடந்த அவளுடைய கோட்டுப் பையில் கட்டி இருப்பது தெரியும். நான்கையும் எடுத்து ஃப்ளாஸ்கில் போட்டுக் குலுக்கினாள். வழியில் கடையில் வாங்கி வைத்துவிடலாம் என்று நினைத்தாள். கடை வந்தது, போனது. நினைப்பு வரவில்லை. காப்பியையும் ஒன்பது மணிக்கே குடித்துத் தீர்த்துவிட்டாள்.

வண்டி ஹாரனை அழுத்திப் பிடித்தாள். மலைமேலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. சத்தத்தை அது பஞ்சுபோல உறிஞ்சிக்கொண்டது. மூன்று முறை அடித்துவிட்டுக் காது கொடுத்தாள். ஒன்றுமில்லை. கீழே வன அலுவலகத்துக்குப் போய் ஆள் கூட்டி வரலாம். போக நாற்பது நிமிஷம், ஆட்களைத் திரட்டித் திரும்ப இன்னும் ஒரு மணி நேரம். அவ்வளவு நேரம் சிக்னேயிடம் இல்லை. ஒரு தாளில் "சிக்னே ஓடைப் பக்கம். சர்க்கரை. நான் தேடுகிறேன்" என்று எழுதிக் கண்ணாடியில் துடைப்பானுக்கு அடியில் செருகிவிட்டு மறுபடி ஏறினாள்.

ஓடை இரண்டாகப் பிரியும் இடத்தில் சிக்னேயின் சாக்கு கிடந்தது. வாய் கட்டாமல், கால்வாசி நிறைந்து, சாய்ந்து. சிக்னே சாக்கை அப்படிப் போடுகிறவள் அல்ல. வீட்டில் பாத்திரம் துடைக்கும் துணியைக்கூட மூலைக்கு மூலை வைத்து மடிப்பவள்.

இடதா, வலதா? ஈர மண்ணில் தடம் இல்லை. ரொவீனா இடது கிளையில் கொஞ்ச தூரம் ஓடினாள்; மனம் கேட்காமல் திரும்பி வலதில் ஓடினாள். மூடுபனியில் பத்து மரத்துக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. பெயரைச் சொல்லிக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. போகும் இடமெல்லாம் சிக்கரீகள் அவளைப் பார்த்து அலறின. ஒன்றின் எல்லை முடிந்தால் அடுத்ததன் எல்லை. ஒன்று விட்ட இடத்தில் அடுத்தது எடுத்துக்கொண்டது. காடு முழுக்க அவளைத்தான் திட்டுவதுபோல இருந்தது.

"வாய மூடுங்க சனியன்களா! காது கேக்கல!" என்று அழுகையோடு கத்தினாள்.

கத்திய பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. இவை என்னைப் பார்த்துக் கத்துகின்றன. அப்படியானால், சிக்னே எங்கே இருந்தாலும் அங்கேயும் ஒன்று அவளைப் பார்த்துக் கத்தும்.

ஆனால் நடந்துகொண்டே அதைக் கேட்க முடியாது. தன் தலைக்கு மேலிருப்பது அடங்கினால்தான் தூரத்தில் இருப்பது காதில் விழும். அசையாமல் உட்கார்ந்தால் சிக்கரீ கால் மணி நேரத்தில் சலித்துப்போய் வேலையைப் பார்க்கப் போய்விடும். திருடப் போகிறவளுக்கு வீட்டுக்காரனின் பழக்கம் தெரியாமல் இருக்குமா? அது தெரிந்துதான் நான்கு வருஷமாகப் பதுக்கல்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள்.

கால் மணி நேரம். உட்கார வேண்டும். ஓடு ஓடு என்று உடம்பின் ஒவ்வொரு நரம்பும் துடிக்கும்போது உட்கார வேண்டும்.

ஒரு மரத்தின் வேரில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் முழங்காலுக்கு அடியில் கொடுத்துக்கொண்டாள், அவை எதையாவது செய்துவிடாமல் இருக்க. மணி ஒன்று ஐந்து. மேலே இருந்தது ஏசியது, கிளை மாறி மாறி ஏசியது. ஒன்று பத்து. இன்னும் ஏசியது. சிக்னே எங்கோ குப்புற விழுந்து கிடப்பதாகக் கண்ணுக்குள் படம் ஓடியது. முகம் தண்ணீரில். ரொவீனா எழுந்துவிட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். ஒன்று பதினெட்டுக்கு, தலைக்கு மேலே சத்தம் விட்டு விட்டு வந்தது. பிறகு ஒரு செருமல். பிறகு இல்லை.

அமைதி இறங்கியதும் இடதுபுறம், கொஞ்சம் கீழே, ஒரு சிக்கரீயின் வேகமான சடசடப்பு கேட்டது. தூக்கிவாரிப்போட்டது. பையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பாய்ந்தாள். "சிக்னே! வந்துட்டேன்! அங்கேயே இரு!"

பெர்ரிப் புதர் அசைந்தது. அதிலிருந்து எழுந்தது கரடி. கருப்பு, இளசு, வாயெல்லாம் பழச்சாறு. முப்பது அடி இருக்கும். அதுவும் அவளைப் பார்த்தது. ரொவீனா பின்னோக்கி ஒவ்வொரு அடியாக வைத்தாள். பயத்தைவிட ஏமாற்றம்தான் பெரிதாக இருந்தது. கரடி மூக்கை உறிஞ்சிவிட்டுத் திரும்பிச் சரிவில் உருண்டதுபோல ஓடிப்போயிற்று.

மணி ஒன்று நாற்பது. மறுபடி முதலிலிருந்து. இன்னொரு மரம், இன்னொரு வேர், இன்னொரு அணிலின் ஏச்சு. இந்த முறை அவள் சிக்னேயிடம் பேசினாள். உள்ளுக்குள்ளேயே பேசினாள். வீட்ட எடுத்துக்கோ, கரண்டிய எடுத்துக்கோ, எதுவேணா எடுத்துக்கோ. நான் சொன்னது பொய்னு சொல்றேன், முழங்கால் போட்டுச் சொல்றேன். விழுந்துடாத.

தலைக்கு மேல் அடங்கியது. காது கொடுத்தாள்.

வலது ஓடைக்கு மேலே, நல்ல தூரத்தில், ஒன்று ஏசிக்கொண்டிருந்தது. மூச்சு விடாமல், ஒரே இடத்திலிருந்து, தொண்டை கிழிய. ரொவீனா ஓடவில்லை. கரடி கற்றுக்கொடுத்திருந்தது. நகர்ந்து போகிறவனை அணில் தொடர்ந்துபோய்த் திட்டும், இது நகரவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பவனைக் கண்டால் சலித்துவிடும், இது சலிக்கவில்லை. ஐந்து நிமிஷம் பார்த்தாள். வெறி கூடிக்கொண்டே போனது. யாரோ ஒருவர் அதன் வீட்டுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தால் மட்டும்தான் அப்படிக் கத்தும்.

ஏறினாள். மூன்று இடத்தில் வழி தவறியது. ஒவ்வொரு முறையும் நின்று, தன்னை ஏசும் குரலையும் அந்தத் தூரத்துக் குரலையும் பிரித்துப் பிடித்து, மறுபடி ஏறினாள். மூடுபனிக்குள் சிவப்பாக ஒன்று தெரிந்தது.

சிக்னே ஒரு பெரிய மரத்தின் அடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடி நிறையக் கூம்புச் செதில்கள். பக்கத்தில் வேருக்கடியில் தோண்டிய குழி. அவள் ஒரு பச்சைக் கூம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, செதிலைப் பல்லால் கடித்துப் பிய்த்து, உள்ளே இருக்கும் விதையை நாக்கால் தேடிக்கொண்டிருந்தாள். உதடு கிழிந்து பிசினும் ரத்தமுமாக இருந்தது. ஐந்தடி உயரத்தில் தலைகீழாகத் தொங்கியபடி சிக்கரீ அவள் முகத்துக்கு நேராக அலறியது. அவளுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை.

"சிக்னே."

"தள்ளிப் போடி. இது என்னுது." குழறலாக வந்தது. கண் எங்கோ பார்த்தது. உடம்பு தொப்பலாக நனைந்து, தொட்டால் மீன் மாதிரி குளிர்ந்தது.

ரொவீனா பையைக் கவிழ்த்தாள். ப்ளாக்பெர்ரி ஜாம் தடவிய ரொட்டியை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். சிக்னே தட்டிவிட்டாள். ரொட்டி செதிலுக்குள் விழுந்தது. இரண்டாவதைப் பிரித்து ஜாமை விரலில் வழித்தாள்.

"வாயத் தொற."

"யாரு நீ? திருடி."

"ஆமா, திருடிதான். தொற."

சிக்னே பல்லை இறுக்கினாள். ரொவீனா அவள் மடியிலேயே மண்டியிட்டு, தலையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, ஜாம் விரலைக் கன்னத்துக்குள் செருகி ஈறில் தேய்த்தாள். சிக்னே கடித்தாள். எலும்பு வரை வலித்தது. விரலை எடுக்கவில்லை. இன்னொரு விரலால் வழித்து மறுபக்கம் தேய்த்தாள். மறுபடி. மறுபடி. நாக்கு அசைந்தது. விழுங்கினாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஜாம் தீர்ந்தது, வெல்லப்பாகு பிஸ்கட்டைப் பொடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். ஒரு கட்டத்தில் சிக்னே தானே கையை நீட்டிப் பிஸ்கட்டை வாங்கினாள். மென்றாள். கண் மெதுவாக ஓர் இடத்தில் வந்து நின்றது.

"ஏன் என் மேல உக்காந்திருக்க?" என்றாள்.

ரொவீனா அழுதாள்.

"விரல்ல என்ன ரத்தம்?"

"நீ கடிச்ச."

"நானா?" மடியைக் குனிந்து பார்த்தாள். மேலே பார்த்தாள். "அந்தக் கழுதைக்கு என்ன வந்துச்சு, இப்படிக் கத்துது?"

அவள் முட்டையையும் ஆப்பிளையும் தின்று முடித்து, எழுந்து நிற்க முடிந்தபோது மூன்றரை. ரொவீனா அவள் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். சாக்குகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. வண்டியை அடைந்ததும் ரொவீனா நேரே டாக்டரிடம் ஓட்டினாள். அவர் ஊசிக் கணக்கைக் குறைத்தார், சிக்னேயைத் திட்டினார், ரொவீனாவின் விரலில் இரண்டு தையல் போட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் சிக்னே கேட்டாள்.

"ஓடைகிட்ட பொந்துல கை விட்டது ஞாபகம் இருக்கு. அப்புறம் நீ மேல உக்காந்திருந்த. நடுவுல ஒண்ணுமில்ல. நான் ஏன் தனியாப் போனேன்?"

ரொவீனா பாதையைப் பார்த்தபடி ஓட்டினாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். அவளுக்கு ஞாபகமே இல்லை. வேறு கூம்பு தேடிப் போனாய் என்றால் நம்புவாள்.

"சண்டை போட்டோம்," என்றாள். சர்க்கரைக் கட்டியைச் சொன்னாள். சிக்னே வீட்டைப் பற்றிச் சொன்னதைச் சொன்னாள். தான் பிள்ளையைப் பற்றிச் சொன்னதை, ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னாள். "நீ சொன்னது சர்க்கரை எறங்கினதால. என்னுதுக்கு அந்தக் காரணமும் இல்ல."

ஒரு மைல் தூரம் சிக்னே ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். தூங்கிவிட்டாளோ, மறுபடி மயக்கமோ என்று ரொவீனா வேகத்தைக் குறைத்தாள்.

"நான் சொன்னது சர்க்கரையால இல்ல," என்றாள் சிக்னே. "பதினோரு வருஷமா உள்ள கெடந்தது. சர்க்கரை கதவத்தான் தொறந்து விட்டுச்சு."

"என்ன வேணும் ஒனக்கு அந்த வீட்ல? சொல்லு."

"அம்மாவோட பீங்கான் அலமாரி."

"நீ ஒருநாளும் கேக்கலியே!"

"நீ ஒருநாளும் கேளுன்னு சொல்லலியே!"

"ஞாயித்துக்கிழமை ஐனார் தூக்கிட்டு வருவாரு."

"ஒடைக்காம கொண்டாரச் சொல்லு. அவனுக்குக் கை ரெண்டும் மரக்கட்டை." பிறகு ஜன்னல் பக்கமே பார்த்தபடி சொன்னாள்: "நீ சொன்னது வலிக்குது ரொவீனா. இப்பதான் மொத தடவ கேக்கற மாதிரி வலிக்குது. அது சரியாக நாளாகும்."

"சரி."

"சரின்னா சரியாயிடாது."

"தெரியும்."

சிக்னேயின் வீட்டில் ரொவீனா சூப்பைச் சூடுபண்ணி வைத்தாள். மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கரண்டியும் வாய்க்குள் போவதைப் பார்த்தாள். பார்க்காதே, தொண்டையில் சிக்குகிறது என்று சிக்னே விரட்டியதும் எழுந்து, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். அரை மைல் போயிருப்பாள். சிக்னே கையில் கரண்டியோடு தரையில் கிடப்பதாகத் தோன்றியது. வண்டியைத் திருப்பினாள். வாசல்வரை போகாமல், சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள்.

சிக்னே உள்ளே தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

"உயிரோடதான் இருக்கேன். போய்ப் புருஷனுக்குச் சோறு போடு."

ரொவீனா போனாள். ஆனால் வளைவு திரும்பும் வரை கண்ணாடியில் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டேதான் போனாள்.